பூட்டுப் போட்ட குரல்

சத்தம் போடுகிறான் என்று வீட்டுக் காவல்காரனை யாராவது வேலையை விட்டு நிறுத்துவார்களா? பூனைக்காது நிறுத்தினாள். காவல்காரன் என்றால் மனிதன் இல்லை, அவள் கணினியில் இருந்த வைரஸ் தடுப்பு மென்பொருள். அது அவ்வப்போது விழித்துக்கொண்டு உள்ளே இருக்கிற கோப்புகளையெல்லாம் சோதிக்கும். சோதித்தால் கணினி சூடாகும், சூடானால் அதன் விசிறி வேகமாகச் சுழலும், சுழன்றால் 'உஸ்' என்று ஒரு சத்தம் வரும். உங்களுக்கும் எனக்கும் அது காதிலேயே விழாது. அவளுக்கு விழும். அதனால்தானே அண்ணன் அவளுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தார்.

அவளுக்கு வேலையே சத்தத்தோடு மல்லுக்கட்டுவதுதான். ஒலிப்புத்தகங்களுக்கு யார் யாரோ வாசித்து அனுப்புவார்கள். அதில் இருக்கிற இருமல், பெருமூச்சு, நாற்காலிக் கிறீச்சு, தெருநாய் எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு வெறும் குரலை மட்டும் திருப்பி அனுப்ப வேண்டும். அண்ணன் வீட்டின் பின்னறைதான் அவளுக்கு அலுவலகம். சுவர் முழுக்கப் பழைய போர்வைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தாள். அந்த அறையில் ஏதாவது பதிவு செய்கிற நாளில் சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிடுவாள். திரும்பச் சொருக மறந்துவிடுவாள். அண்ணி பால் பாத்திரத்தைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "உன் காதுக்காக நான் இன்னும் எவ்வளவு பாலைத்தான் திரிய விடுறது?" என்பார்.

அப்படிப்பட்ட காதுக்காரிக்கு வாய்த்த அண்ணனைப் பாருங்கள். மொத்தச் சந்தையில் ஏலம் விடுகிறவர். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெட்டிமேல் ஏறி நின்று அவர் வாயைத் திறந்தால் ஒலிபெருக்கிக்கு வேலையில்லை. சந்தையில் அவருக்கு 'வெண்கலம்' என்றுதான் பெயர். "ஒரு தரம்" என்று சொல்லி எதிரே இருக்கிற பலகையில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி. "ரெண்டு தரம்", இன்னொரு அடி. "மூணு தரம்" என்று மூன்றாவது அடி விழுந்துவிட்டால் தீர்ந்தது. அதற்குமேல் யார் கையும் சரக்கின்மேல் படக்கூடாது. நீட்டிய கை நீட்டியபடியே நிற்கும். சந்தையில் அதுதான் சட்டம். வீட்டிலும் அதே சட்டம்தான். சின்ன வயதில் ரிமோட்டுக்காகத் தங்கை நீட்டிய கை எத்தனையோ முறை அந்த மூன்றாவது அடியில் பாதியில் நின்றிருக்கிறது.

குரலும் வீட்டுக்கு ஒன்று, சந்தைக்கு ஒன்று என்று கிடையாது. "உப்பு எங்கே?" என்று இவர் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி உப்பை எடுத்துக்கொண்டு வருவாள். கல்யாணம் ஆன நாள் முதலாக அண்ணி அலுக்காமல் சொல்லி வந்தது ஒன்றே ஒன்றுதான்: "கொஞ்சம் மெதுவாப் பேசக்கூடாதா? தெருவுக்கே கேக்குது."

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றார்கள் மருத்துவர்கள். "எனக்கு ஆள் வேணும்" என்று அண்ணி ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அப்போது மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு வழி சொன்னாள். அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் அவர் குரலில் நிறைய வாக்கியங்களைப் பதிவு செய்து வைத்துக்கொண்டால், பிற்பாடு அவர் கைப்பேசியில் எதைத் தட்டினாலும் அது அவருடைய குரலிலேயே பேசும்படி செய்துகொடுக்கலாம் என்றாள்.

இதற்குப் பூனைக்காதை விட்டால் வேறு யார்? பின்னறையில் அவரை உட்காரவைத்து, மருத்துவமனை கொடுத்த வாக்கியங்களை வாசிக்க வைத்தாள். "மழை வருமா?" என்பதைக்கூட அவர் மூட்டையை ஏலம் விடுகிற மாதிரிதான் வாசித்தார். நடுவில் சிரிப்பார், செருமுவார், தண்ணீர் கேட்பார். அறுவை முடிந்தது, ஆள் பிழைத்தார். தொண்டைக் குழியில் மூச்சுவிட ஒரு துளையும் அதன்மேல் ஒரு சின்னத் துணியுமாக வீடு திரும்பினார். சந்தைக்குப் போவதை நிறுத்தினார். மேசையில் அடிப்பதையும் நிறுத்தினார். குரல் இல்லாமல் வெறும் அடி எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ. வீடு அமைதியாகிவிட்டது. ஆயுசெல்லாம் பூனைக்காது ஆசைப்பட்ட அமைதி அது. வந்த பிறகு அவளால் அந்த வீட்டில் ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை.

பதிவுகளை அப்படியே மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பினாளா? ஊரார் குரலையெல்லாம் துடைத்துத் துடைத்துக் கொடுக்கிறவள், சொந்த அண்ணன் குரலை அழுக்கோடு அனுப்புவதா என்று உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு வாக்கியமாக எடுத்து மூச்சை வெட்டினாள், செருமலை வெட்டினாள், சமையலறைச் சத்தத்தை வெட்டினாள். "எப்போ அனுப்பப்போறே?" என்று அண்ணி கேட்பார். "நாளைக்கு அண்ணி." அந்த நாளை வந்தபாடில்லை.

இதற்கு நடுவில் சத்தம் நீக்குகிற மென்பொருளின் சந்தா முடிந்துபோனது. புதுப்பிக்க ஒரு சோம்பல், கொஞ்சம் கஞ்சத்தனமும்தான், ஏன் மறைக்க வேண்டும்? இணையத்தில் தேடினாள். அதே மென்பொருளை ஒரு மகராசன் இலவசமாக வைத்திருந்தான். 'நிறுவும் முன் வைரஸ் தடுப்பை நிறுத்திவிடவும்' என்று கீழே எழுதியும் வைத்திருந்தான். திருடன் வாசலில் நின்று "நாயைக் கட்டிப் போடுங்க, உள்ள வரணும்" என்கிறான். வேறு யாருக்காவது உறைத்திருக்கும். இவளோ, அதைத்தான் நான் ஏற்கெனவே நிறுத்திவிட்டேனே என்று சந்தோஷமாகத் தரவிறக்கினாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

ஓணான் குடையத் தொடங்கியது மறுநாள் காலையில். காப்பியோடு வந்து உட்கார்ந்து கணினியைத் திறந்தால் திரையின் நிறமே மாறியிருந்தது. கோப்புகளின் படங்கள் எல்லாம் வெள்ளைக் காகிதமாகிவிட்டன. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் வாய்க்குள் நுழையாத எழுத்துகள் வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. 'அண்ணன்' என்று பெயரிட்ட கோப்புறையைத் திறந்தாள். உள்ளே எல்லாவற்றுக்கும் வால். ஒன்றைச் சொடுக்கினாள், திறக்கவில்லை. இன்னொன்று, அதுவும் திறக்கவில்லை. நடுத்திரையில் ஒரு அறிவிப்பு, அதுவும் ரொம்ப மரியாதையாக: உங்கள் கோப்புகளைப் பூட்டியிருக்கிறோம், சாவி எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, சொன்ன கெடுவுக்குள் பணம் அனுப்பினால் திறந்துவிடுகிறோம், கவலை வேண்டாம்.

வேறு எது போயிருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி செய்துவிடலாம். இந்தக் குரலை மறுபடி பதிவு செய்ய ஆள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார், குரல்தான் இல்லை. பதிவுக் கருவியிலாவது இருக்குமா என்றால் அதுவும் இல்லை. கணினிக்கு மாற்றியதும் அடுத்த வேலைக்காகக் கருவியில் உள்ளதைத் துடைத்துவிடுவது அவள் வழக்கம். சுத்தக்காரி அல்லவா.

கூடத்துக்கு வந்து சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். அண்ணி கையில் இருந்த துடைப்பத்தைக் கீழே போட்டார். "மொத்தமும் போச்சா?" என்று கேட்டார். அண்ணன் கைப்பேசியை எடுத்து, சந்தைக் கடைகளுக்கெல்லாம் கணினி பழுதுபார்க்கிற சர்வீஸ்காரருக்குச் செய்தி தட்டினார். குரல் போன பிறகு வீட்டில் யாருக்குச் செய்தி அனுப்புவதானாலும் அவர்தான்.

அவர் தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் பூனைக்காதுக்கு அந்த நினைவு வந்தது. டிஸ்க்.

அவளிடம் ஒரு வெளி டிஸ்க் இருந்தது, கேபிளில் சொருகிப் பிரதி எடுத்துவைக்கிற பெட்டி. பழையது, சுழலும்போது முனகும். அந்த முனகல் பிடிக்காமல், பிரதி எடுத்ததும் அதைப் பிடுங்கிப் போர்வை அலமாரியில் துணிகளுக்கு அடியில் திணித்துவிடுவாள். கணினியோடு ஒட்டியே இருந்திருந்தால் அதற்கும் இந்நேரம் வால் முளைத்திருக்கும். அதில் அண்ணன் குரலைப் போட்டோமா? போட்ட மாதிரியும் இருந்தது, போடாத மாதிரியும் இருந்தது. அறுவைக்கு முந்தைய நாட்களில் யாருக்குப் புத்தி ஒரு நிலையில் இருந்தது?

ஓடினாள். அலமாரியைத் திறந்து போர்வைகளை இழுத்துப் போட்டாள். டிஸ்க் கிடைத்தது. கேபிளை ஒரு கையிலும் டிஸ்க்கை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு கூடத்தைத் தாண்டிப் பின்னறைக்குப் பறந்தாள். இப்போதே சொருகிப் பார்த்துவிட வேண்டும். இருக்கிறதா இல்லையா, ஒன்று தெரிந்தால் போதும்.

அதே நேரத்தில் அண்ணன் கைப்பேசியில் பதில் வந்தது. 'முதல்ல இணையத்தைத் துண்டிங்க. அந்த கம்ப்யூட்டர்ல வேற எதையும் சொருகாதீங்க. டிஸ்க்கோ பென்டிரைவோ எதைச் சொருகினாலும் அதையும் பூட்டிடும்.'

அவர் நிமிர்ந்து பார்த்தார். தங்கை மேசைக்கு முன்னால் குனிந்துகொண்டிருந்தாள். கேபிளின் முனை கணினிக்குப் பக்கத்தில் போய்விட்டது. அவர் கத்தினார். வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, தொண்டைத் துணி படபடத்துக் காற்றுதான் வெளியே வந்தது. காலமெல்லாம் சந்தையையே அடக்கி வைத்த மனிதர், பத்தடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தங்கையைக் கூப்பிட முடியாமல் நின்றார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, பின்னறைக் கதவில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார்.

ஒரு அடி. ரெண்டு. மூணு.

அவள் கை நின்றுவிட்டது. என்ன, ஏன் என்று அவள் யோசிக்கவில்லை. மூன்றாவது அடி விழுந்தால் கை நிற்கும், அவ்வளவுதான். கேபிள் முனைக்கும் துளைக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளிதான் இருந்தது. திரும்பிப் பார்த்தாள். அண்ணன் மூச்சு வாங்க நின்றுகொண்டு கைப்பேசியை அவள் முகத்துக்கு எதிரே நீட்டினார். அவள் படித்தாள். படித்ததும் டிஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் போய் இணையப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து, கைப்பேசியில் தட்டிக் காட்டினார்: 'காது நல்லாத்தான் வேலை செய்யுது. மூளையை எப்போ சுத்தம் பண்ணப்போறே?'

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சர்வீஸ்காரர் மத்தியானத்துக்குள் வந்தார். துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி செருப்பை மெதுவாகக் கழற்றினார். நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு, திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். "இதைக் காட்டி சைபர் போலீஸ்ல ஒரு புகார் கொடுத்துடுங்க. ஆள் கிடைப்பானோ மாட்டானோ, பதிவாவது ஆகட்டும்" என்றார். பிறகு கணினியை அணைத்தார்.

அண்ணி வளையலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "தம்பி, இதை வித்துக் கட்டிடலாமா? அவன் கேக்கறதைக் கொடுத்தா சாவி வந்துடும்தானே?"

"வரலாம்மா. வராமலும் போகலாம். வாங்கிட்டுக் கம்பி நீட்டினவன் இருக்கான். கொடுத்த சாவி பாதிக்குத்தான் சேர்ந்துச்சுன்னு அழுதவங்களும் இருக்காங்க. இவங்க கொடுக்கறவங்கன்னு தெரிஞ்சா மறுபடியும் வந்து கதவைத் தட்டுவான்."

அண்ணன் கைப்பேசியில் தட்டி நீட்டினார். சர்வீஸ்காரர் வாய்விட்டுப் படித்தார்: "'முகத்தைக் காட்டாதவன்கிட்ட நான் என்னிக்கும் ஏலம் விட்டதில்ல.' சரியாச் சொன்னீங்கண்ணே." அண்ணி வளையலைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"டிஸ்க்கைப் பாருங்க முதல்ல" என்றாள் பூனைக்காது. அதை இன்னும் மடியிலிருந்து இறக்கவில்லை.

"பாக்கறேன். ஆனா இதுல இல்ல, என் லேப்டாப்ல. நீங்க எதுக்கு வைரஸ் தடுப்பை நிறுத்தினீங்க?"

"விசிறி சத்தம் போடுது."

சர்வீஸ்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நானும் எத்தனையோ காரணம் கேட்டிருக்கேன். இது புதுசு. அப்டேட்டு?"

"அதையும் நிறுத்திட்டேன். அது ராவும் பகலும் எதையாவது இறக்கிட்டே இருக்கும். அப்பவும் விசிறி."

"அப்போ பூட்டையும் கழற்றி, காவலையும் நிறுத்தி, ஓசிச் சரக்கைக் கொண்டுவந்தவனைக் கூட்டி உள்ளயும் உட்கார வெச்சிருக்கீங்க" என்றார். அண்ணி, "நல்லாக் கேளுங்க தம்பி, எங்க வீட்டுப் பாலையும் சேர்த்துக் கேளுங்க" என்றார்.

அவர் கணினியைத் திறந்து உள்ளேயிருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு உறையில் போட்டார். "இதைத் தூக்கிப் போட்டுடாதீங்க. பூட்டினது பூட்டினபடியே இருக்கட்டும். இந்த மாதிரி கும்பல் சில சமயம் பிடிபடும், அப்போ சாவி வெளிய வரும். வந்தா திறந்து பார்ப்போம்." புது ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தி எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுவத் தொடங்கினார். காவல்காரனும் மறுபடி வேலைக்குச் சேர்ந்தான். தினசரி வேலைக்கு என்று அதிகாரம் குறைந்த ஒரு கணக்கையும் அவளுக்குத் தனியாக உண்டாக்கினார். தெரியாமல் எதையாவது சொடுக்கினாலும் அது வீடு முழுக்கப் பரவாதாம். விசிறி 'உஸ்' என்றது. அவள் வாயைத் திறக்கவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவளே மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கண் கெட்டதா இல்லையா என்பது அந்த டிஸ்க்குக்குத்தான் தெரியும்.

ஒருவழியாக அவர் தன் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தார். கையை நீட்டினார். அவள் டிஸ்க்கைக் கொடுத்தாள். சொருகினார். அது பழையபடி முனகியது. அவள் அத்தனை நாள் சகிக்காத முனகல். இப்போது அது நின்றுவிடக் கூடாதே என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். முதலில் வைரஸ் சோதனை ஓடியது. அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டார். அண்ணன் சன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், பார்க்க அங்கே ஒன்றுமே இல்லை.

"சுத்தமா இருக்கு" என்றார் சர்வீஸ்காரர். கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒலிப்புத்தகம், ஒலிப்புத்தகம், இன்னொரு ஒலிப்புத்தகம். பிறகு, "'அண்ணன் மூலம்'னு ஒண்ணு இருக்கு. இதுவா?"

அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பதிவு முடிந்த அன்றே, வெட்டி ஒட்டத் தொடங்கும் முன்னால், மூலப் பதிவை அப்படியே டிஸ்க்கில் போட்டிருக்கிறாள். கை பழக்கத்தில் செய்த வேலை, மனதில் நிற்கவில்லை. போன உயிர் திரும்பி வந்தது. மாதக்கணக்கில் வெட்டி, துடைத்து, மெருகேற்றியதெல்லாம் அந்தப் பூட்டுக்குள் போய்விட்டது. துடைக்காதது அத்தனையும் இங்கே இருந்தது.

அண்ணன் பேச்சுப் பயிற்சிப் பெண்ணுக்குச் செய்தி அனுப்பினார். சுத்தம் செய்யாத பதிவு போதுமா? பதில் உடனே வந்தது: 'தாராளமாகப் போதும். சத்தத்தை எங்கள் நிரலே நீக்கிக்கொள்ளும். இத்தனை நாள் ஏன் அனுப்பவில்லை?' அதைத் தங்கையிடம் காட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனதில் அவள் உழைப்புதான் தலைப்பாகை, அதுவும் தேவையில்லாத தலைப்பாகை. போகட்டும் என்று முதல் தடவையாக அவளுக்குத் தோன்றியது.

"ஒண்ணைப் போட்டுப் பாக்கலாமா? திறக்குதான்னு தெரிஞ்சுக்கணும்" என்றார் சர்வீஸ்காரர். அவரே ஒன்றைச் சொடுக்கினார்.

ஃபிரிட்ஜ் இல்லாத அமைதி. நாற்காலி கிறீச்சிட்டது. ஒரு செருமல். பிறகு வெண்கலம் பேசினார். "மழை வருமா? குடையை எடுத்துக்கட்டுமா?" லேப்டாப்பின் சின்ன ஒலிபெருக்கி அதிர்ந்தது. தொடர்ந்து ஒரு சிரிப்பு, "என்னம்மா பூனை, போதுமா, இன்னும் ஏத்தணுமா?" என்று ஒரு கேள்வி. இவள் அந்தச் சிரிப்பைத்தான் வெட்டியிருந்தாள். அந்தக் கேள்வியைத்தான் முதல் நாளே வெட்டி எறிந்தாள்.

அந்தக் கேள்வியின் வாலிலேயே, தூரத்தில் சமையலறையிலிருந்து அண்ணியின் குரல் பதிவாகியிருந்தது: "கொஞ்சம் மெதுவாப் பேசக்கூடாதா? தெருவுக்கே கேக்குது."

அண்ணன் சன்னலிலிருந்து திரும்பி அண்ணியைப் பார்த்தார். அண்ணி சுவரை விட்டு நகர்ந்து லேப்டாப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"மறுபடி போடுங்க தம்பி" என்றார். "இன்னும் கொஞ்சம் சத்தமா வெச்சுப் போடுங்க. தெருவுக்குக் கேக்கட்டும்."